புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா: எதை முதலில் வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஸ்கூபாவின் முதல்படியான ஓபன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே பலரும் தேடுவது ஒரு பளபளப்பான பிசிடியைத்தான் (காற்றேற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மேலங்கி). வாங்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. உடம்பில் ஒட்டி நிற்கும் சாமான்கள் முதலில்: மாஸ்க், பூட், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), உடை. அதன்பின் உங்களைக் காப்பாற்றும் சின்னச் சாமான்கள்: ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், மிதவைக் குழல், வலை அறுக்கும் கருவி. டேங்க் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரும் பிசிடியும் கடைசி. டேங்க்கை வாங்கவே வேண்டாம்.

இந்த வரிசைக்குக் காரணம் பணம் மட்டுமல்ல. புதுச்சேரிக் கடல் மாலத்தீவு வீடியோவில் தெரியும் கடல் அல்ல. ஒரு நாள் 15 மீட்டர் தள்ளி நிற்பவர் தெளிவாகத் தெரிவார், மறுநாள் 3 மீட்டரில் கூட்டாளியின் ஃபின் நுனி மறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம் வழியாகத்தான் படகு வெளியேறும். அந்த இடத்தில் அலை எழும்பி விழும். பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து மேல்மட்டம் கரடுமுரடாகும், அதனால்தான் படகுகள் விடிகாலையிலேயே கிளம்புகின்றன. அடியில் அறுந்துபோன வலைகள் கிடக்கும். மேலே ஃபைபர் படகுகளும் விசைப்படகுகளும் ஓடும். சாமான் தேர்வு இந்தக் கடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

மாஸ்க்: விலையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்

மாஸ்க்கை ஆன்லைனில் வாங்குவது அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றது. கடைக்குப் போய் முகத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் லேசாக வையுங்கள். நெற்றி முடி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து நிறுத்தி, கையை எடுத்துவிடுங்கள். மாஸ்க் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், ஆகவே மெதுவாக இழுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. பிறகு வாயில் ஒரு ரெகுலேட்டர் மவுத்பீஸை வைத்துக்கொண்டு இதையே திரும்பச் செய்யுங்கள். மவுத்பீஸைக் கடிக்கும்போது மேலுதட்டின் வடிவம் மாறும். கடையில் ஒட்டிய மாஸ்க் கடலில் ஒழுகுவது பெரும்பாலும் இதனால்தான். கடைசியாக மூக்குப் பையை வெளியிலிருந்து இரு விரலால் பிடித்துப் பாருங்கள். காதைச் சமன் செய்ய ஆழம் இறங்கும்போதெல்லாம் அந்த மூக்கை மூட வேண்டும். விரல் எட்டாத மாஸ்க் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கண்ணாடி 'டெம்பர்டு' வகையாக இருக்க வேண்டும், கண்ணாடியிலேயே அப்படி எழுதியிருக்கும். விளிம்பு சிலிகானாக இருக்கட்டும். விளையாட்டுச் சாமான் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் நீச்சல் மாஸ்க் ஆழத்துக்கு ஆகாது. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி அதைவிட மோசம்: உள்ளே இருக்கும் காற்றை மூக்கு வழியாகச் சமன் செய்ய வழியில்லாததால் அழுத்தத்தில் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டும். உள்ளே காற்றிடம் குறைவாக உள்ள மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தாலும் ஒரே மூச்சில் வெளியேற்றலாம். புதியவருக்கு அது பெரிய வசதி.

மீசை வைத்தவர்களுக்கு ஒழுகல் கூடுதல். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவு மீசையை மழித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீசையை விட மனமில்லையா? அங்கே கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். வாசலின் கூடாது. அது பெட்ரோலியப் பொருள், நாளடைவில் மாஸ்க் விளிம்பையே கெடுத்துவிடும்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் பொருத்தும் மாஸ்க்காகப் பார்த்து வாங்குங்கள். கிட்டப்பார்வைக்கான ஆயத்த லென்ஸ்கள் பெரும்பாலும் அரை டயாப்டர் இடைவெளியில் கிடைக்கும். தண்ணீருக்கடியில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் மைனஸ் 1 அளவுள்ளவர்கள் பலர் சாதாரணக் கண்ணாடியிலேயே சமாளித்துவிடுவார்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸுடன் இறங்கலாம், ஆனால் மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

புது மாஸ்க்கின் கண்ணாடி எப்போதும் மூச்சாவி படிந்து மங்கும். தயாரிப்பின்போது கண்ணாடியில் படியும் மெல்லிய சிலிகான் படலமே காரணம். சாதாரண வெள்ளைப் பற்பசையை (ஜெல் வகை அல்ல) விரலில் எடுத்து உள்பக்கக் கண்ணாடியில் சில நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று முறை செய்தால் போதும். லைட்டர் நெருப்பில் காட்டும் வித்தை இணையத்தில் உலவுகிறது. பூச்சுள்ள கண்ணாடியும் பக்கத்து சிலிகானும் அதில் பாழாகும். அதன்பின் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ, இல்லாவிட்டால் எச்சில், தடவி ஒருமுறை மட்டும் அலசுங்கள். எச்சிலை ஏளனமாகப் பார்க்க வேண்டாம், பழைய டைவர்கள் பலர் இன்றும் அதையே நம்புகிறார்கள்.

பட்டையை இறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்பது தவறு. இறுக்க இறுக்க விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். பட்டை பின்மண்டையின் மேடான பகுதியில் தளர்வாகவே உட்கார வேண்டும்.

பூட், ஃபின்

ஃபின் இரண்டு வகை. வெறுங்காலில் முழுப் பாதத்தையும் நுழைப்பது ஒன்று. ரப்பர் பூட் போட்டு, குதிகாலில் பட்டையால் மாட்டுவது இன்னொன்று. இங்கே இரண்டாவதே உசிதம். சூடான ஃபைபர் தளம், ஈரப் படிக்கட்டு, துறைமுகத்தில் கொட்டிக் கிடக்கும் மீன் முள் என்று காலைக் குத்தக் காத்திருப்பவை பல. முதலில் பூட் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே ஃபின்னை அளந்து பாருங்கள். ஃபின்னைத் தனியாக வாங்கிவிட்டுப் பிறகு பூட் தேடினால் இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

காலை ஆட்டும்போது ஃபின் அசையக் கூடாது, விரல்கள் நசுங்கவும் கூடாது. மிக விறைப்பான ஃபின் வேகமாகத் தள்ளும், ஆனால் புதியவருக்குப் பத்தே நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நடுத்தர விறைப்பே போதும். பிளாஸ்டிக் பக்கிளுக்குப் பதில் ஸ்பிரிங் பட்டை போடுங்கள். மாட்டுவது சுலபம் என்பதோடு, தொங்கும் வால் இல்லாததால் வலை நூல் சிக்கவும் இடமில்லை. நிறத்தில் மட்டும் கொஞ்சம் ஆடம்பரம் செய்யலாம். கலங்கல் நாளில் மஞ்சள் ஃபின்தான் கூட்டாளியின் கண்ணில் படும், கறுப்பு படாது.

உடை, எடை

கடல் நீர் இங்கே ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும், தை மாசி மாதங்களில் மட்டும் சற்றுக் குறையும். 3 மில்லிமீட்டர் நியோபிரீன் உடை பெரும்பாலானோருக்குப் போதும். கோடையில் முழுக்கை, முழுக்கால் லைக்ரா உடையே போதும். ஆனால் அரைக்கால் உடை வேண்டாம். குளிருக்காகச் சொல்லவில்லை, சொறிக்காகச் சொல்கிறோம். ஜெல்லி மீனை மீனவர்கள் சொறி என்று சொல்வது சும்மா அல்ல. ஏறி இறங்கும் கயிற்றிலும் அதன் இழைகள் ஒட்டியிருக்கும்.

எடை விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். புதியவர்களின் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இதுதான். கூடுதல் ஈயம் கட்டியவர் அதை ஈடுகட்டப் பிசிடியில் காற்றை ஏற்றிக்கொண்டே இருப்பார். ஆழம் மாறும்போதெல்லாம் அந்தக் காற்று விரியும், சுருங்கும். அவர் ஏறுவதும் இறங்குவதுமாக அல்லாடுவார், காற்றும் சீக்கிரம் தீரும். 3 மில்லிமீட்டர் உடைக்கு உடல் எடையில் 5 சதவீதத்தை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம்: 70 கிலோ ஆளுக்கு 3.5 கிலோ. அங்கிருந்து சோதித்துத் திருத்துங்கள்.

1. எல்லாச் சாமானையும் மாட்டி, நிற்க முடியாத ஆழத்தில், கூட்டாளி பக்கத்திலிருக்க, ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.
2. சாதாரண மூச்சை இழுத்து நிறுத்துங்கள். முழு மூச்சு வேண்டாம். பிசிடியிலுள்ள காற்று முழுவதையும் விடுங்கள். ஃபின்னை அசைக்கக் கூடாது. பலர் அறியாமலே காலை உதைத்துக்கொண்டிருப்பார்கள், அந்தச் சோதனை செல்லாது.
3. தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெல்ல அமிழ வேண்டும்.
4. டேங்க் நிறைந்திருக்கும்போது இப்படிச் சோதித்தால், கிடைத்த எடையோடு சுமார் 2 கிலோ சேருங்கள்.

அந்த 2 கிலோ எங்கிருந்து வருகிறது? இங்கே கைக்குக் கை மாறும் அலுமினிய டேங்க் 11.1 லிட்டர் கொள்ளளவு உடையது. 207 பார் (பார் என்பது அழுத்த அளவு) வரை நிரப்பினால் அதிலுள்ள காற்றே ஏறக்குறைய 2.7 கிலோ கனக்கும். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. நிறைந்திருந்தபோது அமிழ்ந்த டேங்க் காலியானதும் மிதக்கத் தொடங்கும். அந்தக் கணக்கு விட்டுப்போனால் கடைசியில், மேலேறும் வழியில் 5 மீட்டரில் சற்று நிற்க வேண்டிய நேரத்தில் பலூன் போல மேலே போவீர்கள். அதனால் உறுதியான சோதனை, டைவ் முடிவில் 50 பார் மிச்சமிருக்கும்போது 5 மீட்டரில் செய்வது. பிசிடி காலி, மூச்சு சாதாரணம், ஆள் அசையாமல் நிற்க வேண்டும்.

நீச்சல் குளத்தில் பயின்றபோது இருந்த எடை கடலுக்குப் போதாது. உப்புத் தண்ணீர் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்த்து 95 கிலோ என்றால் கடலில் 2.4 கிலோ கூடுதலாகத் தேவைப்படும். புது நியோபிரீன் உடையும் மிதக்கும். பல டைவ்களுக்குப் பிறகு அதன் குமிழ்கள் நசுங்கி மிதப்பு குறையும், அப்போது எடையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் உடை, டேங்க் வகை, எடை, கடைசியில் நிலை எப்படி இருந்தது என்று லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை ஊகிக்க வேண்டியிருக்காது.

மிதவைக் குழலும் அறுக்கும் கருவியும்

கடையில் மூலையில் தொங்கும் இந்த இரண்டும் பிசிடியைவிட முக்கியம்.

மிதவைக் குழல் என்பது ஆரஞ்சு நிறத்தில் காற்றடைத்து மேலே அனுப்பும் நீண்ட பை. நீங்கள் மேலேறும் இடத்தைத் தலைக்கு மேலே ஓடும் படகுக்கும் உங்களைத் தேடும் படகுக்கும் காட்டுவது அதுதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆனால் நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை, ஃபைபர் படகுகள் அப்போதும் ஓடும். ஆண்டு முழுவதும் குழலோடுதான் இறங்க வேண்டும்.

நீளம் 1.5 மீட்டரிலிருந்து 1.8 மீட்டர் வரை இருக்கட்டும். ஒரு மீட்டர் குழல் அலைக்குள் ஒளிந்துவிடும். அடிப்பக்கம் முழுத் திறப்பாக இல்லாமல், காற்றைப் பிடித்துவைக்கும் வால்வுள்ள மூடிய வகை வாங்குங்கள். திறந்த வகை மேல்மட்டத்தில் கயிறு தளர்ந்ததும் சாய்ந்து காற்றை இழந்துவிடும். குழலின் கயிற்றைச் சுற்றிவைக்க, கைப்பிடியுள்ள ரீலைவிட விரலில் பிடிக்கும் ஸ்பூல் எளிது, சிக்கல் குறைவு.

5 மீட்டரில் நின்று அனுப்பிப் பழகுங்கள். அங்கே அழுத்தம் 1.5 மடங்கு, ஆகவே குழலில் மூன்றில் இரண்டு பங்கு காற்று விட்டாலே மேலே போனதும் நிறைந்துவிடும். விடுவதற்கு முன் தலைக்கு மேலே ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பூலை ஒருபோதும் உடம்பில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுக் குழலை விடாதீர்கள். கயிறு சிக்கினால் குழல் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சிக்கியதா, கையை விடுங்கள். குழல் போனால் போகட்டும்.

அடுத்தது வலை. புதியவர்கள் பலர் காலில் பெரிய கத்தி கட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். படம் எடுக்க நன்றாக இருக்கும், ஆனால் வலையில் சிக்கிய கைக்கு அந்தக் கால் எட்டாது. மேலும் தங்கூசி நரம்பை (நைலான் மீன்பிடி இழை) கூர்முனைக் கத்தியால் அறுக்கும்போது நரம்பைவிட பிசிடிதான் அதிகம் கிழிபடும். உள்ளடங்கிய பிளேடு உள்ள சிறு அறுப்பான் போதும். நரம்பை அதன் வாய்க்குள் நுழைத்து இழுத்தால் அறுந்துவிடும். தடித்த கயிற்றுக்கு ஒரு கத்தரிக்கோல் கூடுதல் நன்மை. ஒன்றைப் பிசிடியின் வயிற்றுப் பட்டையிலும் இன்னொன்றை மணிக்கட்டிலோ தோள் பட்டையிலோ மாட்டுங்கள். எந்தக் கை சிக்கினாலும் மற்றக் கைக்கு ஒன்று எட்டும்.

வலை பெரும்பாலும் சிக்குவது பின்னால்தான்: டேங்க் வால்வில், ஃபின் பட்டையில். பின்னால் ஏதோ இழுக்கிறது என்று தோன்றினால் திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பினால் நரம்பு உங்களைச் சுற்றிக்கொள்ளும். நில்லுங்கள், கொஞ்சம் பின்னோக்கி நகருங்கள், விளக்கை அசைத்தோ டேங்க்கைத் தட்டியோ கூட்டாளியை அழையுங்கள், அவர் அறுக்கட்டும். டெம்பிள் ரீஃப் போன்ற, சுமார் 18 மீட்டர் ஆழத்தில் செயற்கையாக அமைத்த திட்டுகளைச் சுற்றி மீன் சேரும். மீன் சேருமிடத்தில் வலையும் சேரும் என்பதை நினைவில் வைத்தே நீந்துங்கள்.

கம்ப்யூட்டர், காற்றுக் கணக்கு

மணிக்கட்டில் கட்டும் எளிய கம்ப்யூட்டர் போதும்: பெரிய எழுத்து, நாமே மாற்றக்கூடிய பேட்டரி, ஏறும் வேகம் கூடினால் எச்சரிக்கை. கலங்கலில் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது, எனவே திரையின் அளவைக் கவனியுங்கள். இருவருக்கு ஒரே கம்ப்யூட்டர் ஆகாது. இரண்டு மீட்டர் வித்தியாசத்தில் நீந்தினாலே இருவர் உடம்பிலும் சேரும் நைட்ரஜன் வேறு. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். இங்குள்ள சில பேர்பெற்ற இடங்கள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. அவற்றுக்குப் போக ஆசைப்பட்டால் மேற்பயிற்சி முடித்துவிட்டுப் போங்கள்.

காற்று எவ்வளவு நேரம் வரும்? மேல்மட்டத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வையுங்கள். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, ஆகவே அங்கே 56 லிட்டர். டேங்க் 200 பாரில் 2,220 லிட்டர் தரும். 50 பார் மிச்சம் என்று 555 லிட்டரை ஒதுக்குங்கள். மேலேறவும் 5 மீட்டரில் நிற்கவும் ஏறக்குறைய 166 லிட்டர் போகும். மீதியுள்ள 1,499 லிட்டரை 56 ஆல் வகுத்தால் அடியில் 26 நிமிடம். புதியவர்கள் பதற்றத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பது சாதாரணம், அப்போது 20 நிமிடம்தான். இன்னொன்றும் உண்டு: அவசரமாக நிரப்பிய டேங்க் சூடாக இருக்கும்போது 200 பார் காட்டும், ஆறியதும் 180க்கு இறங்கிவிடும். உங்கள் 26 நிமிடத்தில் 4 நிமிடம் அங்கேயே போய்விடும். படகில் ஏறும் முன் பார்த்த எண்ணை நம்பாதீர்கள், இறங்கும் முன் பார்த்த எண்ணை நம்புங்கள்.

பெங்களூரிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசி டைவுக்குப் பிறகு ஒற்றை டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் பரிந்துரை. இதன் அடிப்படை விமானமல்ல, உயரம்தான்: அங்கே காற்றழுத்தம் குறைவதால் உடம்பில் மிச்சமுள்ள நைட்ரஜன் குமிழாகலாம். 600 மீட்டருக்கு மேல் போவதும் இதே கணக்கில் வரும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் இரண்டு டைவ் முடித்து மதியம் கிருஷ்ணகிரி வழியாகக் காரில் மேலேறுபவர்கள் இதை நினைப்பதே இல்லை. கொடைக்கானல், ஊட்டி 2,000 மீட்டருக்கும் மேல். மலைக்குப் போவதானால் முதலில் மலை, பிறகு கடல் என்று பயணத்தை மாற்றுங்கள்.

ரெகுலேட்டர்

வாரம் ஒருமுறையாவது இறங்கும் அளவுக்கு ஆர்வம் நிலைத்த பிறகே இதை வாங்குங்கள். அதுவரை வாடகையே லாபம். ஆனால் சொந்தமாக ஒரு மவுத்பீஸ் வைத்துக்கொள்ளலாம். வாடகை மவுத்பீஸ் பல வாய்கள் கடித்தது, அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த பிராண்டின் சர்வீஸ் கிட் இங்கே கிடைக்குமா, அதைப் பிரிக்கப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் யார்? பதில் கிடைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்பிய மலிவு ரெகுலேட்டர்கூட வீட்டில் காட்சிப் பொருளாகிவிடும். பல தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை சர்வீஸ் கேட்பார்கள். சிலர் இரண்டாண்டு இடைவெளி தருவார்கள், கையேட்டில் பாருங்கள்.

முதல் நிலை (டேங்க்கில் பூட்டும் பகுதி) 'பேலன்ஸ்டு' வகையாக இருந்தால் டேங்க் காலியாகும்போதும் மூச்சு இழுப்பது இறுகாது. பேலன்ஸ் இல்லாதவை 50 பாரை நெருங்கும்போது கனக்கத் தொடங்கும். சேறும் மணலும் உள்ள நமது கடலுக்கு, உள்ளுறுப்பில் தண்ணீர் புகாதபடி மூடிய டயாஃப்ரம் வகை நல்லது. இணைப்பில் இங்கே பெரும்பாலும் யோக் வகை (வால்வைச் சுற்றிக் கவ்வுவது) டேங்க்தான். வால்வுக்குள் திருகும் டின் வகை ரெகுலேட்டர் வாங்கினால் யோக்குக்கான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள், இரண்டு உலகமும் உங்களுக்கு ஒத்துவரும்.

பூட்டும்போது நடப்பவை: டேங்க் பட்டையை முதலில் தண்ணீரில் நனைத்து இறுக்குங்கள், நைலான் நனைந்ததும் தளரும் என்பதால் காய்ந்தபடி இறுக்கினால் தண்ணீரில் டேங்க் நழுவும். வால்வின் ஓ-ரிங் (காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வெடிப்போ நசுக்கமோ இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரைப் பொருத்தி, பிரஷர் கேஜின் முகத்தை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டு வால்வை மெல்லத் திறவுங்கள். முழுவதும் திறவுங்கள். அரைகுறையாகத் திறந்த வால்வு மேல்மட்டத்தில் சரியாகவே வேலை செய்யும், ஆழத்தில் காற்றுப் போதாது. இதைப் பிடிக்க ஒரு எளிய வழி: கேஜைப் பார்த்தபடி நான்கு பெருமூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் துள்ளி இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

பக்கத்தில் சீறல் கேட்டால் பெரும்பாலும் குற்றவாளி அந்த ஓ-ரிங்தான். யோக் வால்வுக்குப் பொதுவாக 014 எண் ஓ-ரிங். நாலைந்து வாங்கி ஒரு சின்ன டப்பியில் பையில் போடுங்கள், பத்து ரூபாய் பொருளுக்காக ஒரு நாள் டைவ் கெடக் கூடாது. ஹோஸ் உலோகப் பிடியோடு சேருமிடத்தில் வீக்கமோ விரிசலோ இருந்தால் அந்த ஹோஸை மாற்றாமல் இறங்காதீர்கள். பிரஷர் கேஜ் ஹோஸ் கிழிந்தால் காற்று மெல்லத்தான் போகும், ஏனென்றால் அந்தத் துளை மிகச் சிறியது. மூச்சு விடும் ஹோஸ் கிழிந்தால் டேங்க் விரைவில் காலி. ஆகவே மஞ்சள் ஆக்டோபஸின் (கூட்டாளிக்குக் கொடுக்க உள்ள மாற்று மவுத்பீஸ்) ஹோஸையும் தவறாமல் தடவிப் பாருங்கள்.

பிசிடி

கடைசியில் வாங்கலாம் என்று சொன்னது சும்மா அல்ல. உடம்பின் தோற்றத்துக்கல்ல, உங்களது டைவ் முறைக்கு ஏற்ற வகை எது என்று தெரிய 20, 30 டைவ் ஆகும். கடையில் போட்டு, முழுக்கக் காற்றடைத்து, ஒரு பெருமூச்சு விட்டுப் பாருங்கள். மார்பை நசுக்கினால் அளவு சிறியது. தோளில் தூக்கிக் காதைத் தொட்டால் பெரியது.

எந்தப் பிசிடியானாலும், காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை உப்பு பிடிக்கும். பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் பிசிடி தானாக நிரம்பி உங்களை மேலே தள்ளும். அப்போது பொத்தானோடு சண்டை போடாமல் ஹோஸ் இணைப்பை இழுத்துக் கழற்றுங்கள், இன்னொரு கையால் காற்றை வெளியேற்றுங்கள். இந்தக் கழற்றலைக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பயிலுங்கள். பல கடைகள் இதைச் சொல்லாமலே பிசிடியைக் கொடுத்துவிடுகின்றன.

டேங்க்கில் பார்க்க வேண்டியது இரண்டு. தோள் பகுதியில் அடித்துள்ள அழுத்தச் சோதனைத் தேதி ஒன்று. காற்றின் மணமும் சுவையும் இன்னொன்று. எண்ணெய், டீசல் நாற்றம் இருந்தால் அந்த டேங்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்ப்ரஸர் உறிஞ்சுமிடம் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வந்திருக்கலாம், அதற்குத் தனி மணம் கிடையாது. எந்த நிறுவனத்தின் டேங்க்கால் தலைவலி வந்ததோ அங்கே இரண்டாம் முறை இறங்க வேண்டாம்.

படகு ஏறும் நாள்

வயிற்றில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் பூரிக் கிழங்கும் இரண்டுமே வாந்திக்கு வழி. படகு ஆட்டத்துக்கான வாந்தி மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதல்நாள் கரையில் ஒருமுறை போட்டுத் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கடியில் வாந்தி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டாம், வாயில் பிடித்தபடியே அதற்குள் எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் பர்ஜ் பொத்தானை அழுத்துங்கள். அசிங்கம்தான், ஆனால் கழற்றி மூச்சிழுப்பதைவிட நல்லது.

கிளம்பும் முன் கேளுங்கள்: ஆக்ஸிஜன் கிட் படகில் இருக்கிறதா? யார் இயக்குவார்? கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல குழு அதைத் தானே எடுத்துக் காட்டும். இந்தியக் கடலோரக் காவல் படையின் இலவச அவசர எண் 1554. கூட்டாளியோடு பிசிடி, எடை, பக்கிள்கள், காற்று, கடைசியாக மாஸ்க் ஃபின் என்ற வரிசையில் ஒருவரை ஒருவர் தொட்டுச் சரிபாருங்கள். இறங்கும்போது தலை தண்ணீருக்குள் போகும் முன்பே காதைச் சமன் செய்யத் தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை தொடருங்கள். வலித்த பிறகு செய்தால் தாமதம், கொஞ்சம் மேலேறி மறுபடி முயலுங்கள். சளி இருந்தால் அன்று இறங்காதீர்கள்.

கழுவுதல், வைத்தல்

கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். சாமானைக் கழுவ நல்ல தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உப்பு போய் உப்பு வரும். ரெகுலேட்டரை ஊறவைக்கும் முன் முதல் நிலையின் தூசு மூடியைத் துடைத்து உலர்த்தி இறுக மூடுங்கள். ஊறும்போது பர்ஜ் பொத்தானை அழுத்தாதீர்கள், அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியே முதல் நிலைக்குப் போய் உள்ளே துருவேறும். பிசிடிக்குள் பாதியளவு நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, எல்லா வால்வுகள் வழியாகவும் வெளியேற்றி, பாதி காற்றடைத்து நிழலில் தொங்கவிடுங்கள். இன்ஃப்ளேட்டர் பொத்தானைத் தண்ணீருக்குள்ளேயே பலமுறை அழுத்திவிடுங்கள்.

அறுப்பானை உலர்த்தி ஒரு துளி சிலிகான் கிரீஸ் தடவாவிட்டால் அடுத்த மாதம் துருப்பிடித்து நிற்கும். உடையை வெயிலில் காயப்போட வேண்டாம், அகலமான ஹேங்கரில் நிழலில் தொங்கட்டும். தெளிவான சிலிகான் மாஸ்க்கைக் கறுப்பு ரப்பர் பூட்டோடு ஒரே பையில் மாதக்கணக்கில் போட்டால் மஞ்சளேறிவிடும், அதற்கென்று வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே தனியாக வையுங்கள்.